பனியன் வெளுக்கட்டும், முகம் இருக்கட்டும்

போட்டோ எடுக்கிறவன் என்று தெரிந்ததும் மற்ற ஊரில் கேட்கிற முதல் கேள்வி, என்ன கேமரா வைத்திருக்கிறாய் என்பது. எங்க பக்கத்தில் முதல் கேள்வி வேறு. எந்த ஊரு, யாரு வூட்டுப் பையன் என்பார்கள். முப்பது வருசமா இதுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கிறேன். இங்கேயும் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் ஒரு ஊர். ஊர் என்று சொல்வது பழக்கதோசம். நான் பிறந்தது ஊருக்கு வெளியே இருக்கிற அருந்ததியர் வளவில், 1972ல். அப்பன் பண்ணையத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் தாத்தன் தோல் பறி தைத்தவர். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீர் அந்தப் பறியில்தான் மேலே வரும். தோட்டம் தோட்டமாகப் பச்சை பிடித்தது எங்க தாத்தன்மார் தைத்த தோலால். அந்தத் தண்ணி வாய்க்காலில் ஓடும்போது நாங்க இறங்கி அள்ளிக் குடிக்கக் கூடாது. யாராவது மேலேயிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். பிறகு கரண்டு மோட்டார் வந்துச்சு, பறிக்கு வேலை போச்சு. பறி தைத்த கை பண்ணையத்துக்குப் போய், அடுத்த தலைமுறையில் பனியன் கம்பெனிக்குப் போச்சு. நான் அந்த அடுத்த தலைமுறை.

எங்க வளவில் நாற்பது வீடு. எனக்கு நினைவு தெரிந்து எந்த வீட்டுச் சுவரிலும் போட்டோ தொங்கியதில்லை. சாமி காலண்டர் இருக்கும், எம்ஜிஆர் படம் இருக்கும். செத்துப்போன ஆளின் முகம் இருக்காது. எங்க அவ்வா செத்தபோது எனக்கு ஏழு வயசு. இன்றைக்கு அவள் முகத்தை நினைத்துப் பார்த்தால் காதில் போட்டிருந்த ஓலையும் புகையிலை அடக்கின கன்னமும் வருகிறது, கண் வரமாட்டேங்குது. அதே ஊரில் தோட்டத்து வீடுகளில் நாலு தலைமுறை ஆசாரத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கும். தலைப்பாகை கட்டின பாட்டன், நாற்காலியில் உட்கார்ந்த அப்பச்சி, அவர் காலடியில் நாய். ஒன்றிரண்டு படங்களில் ஓரத்தில் கைகட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பேர் கேட்டால் யாருக்கும் தெரியாது. அவன்தான் நாங்க.

எங்க அம்மாவை முதன்முதலில் கேமரா பார்த்தது வாக்காளர் அடையாள அட்டைக்காக. 1993ல் டி.என்.சேஷன் கொண்டு வந்த அட்டை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தி, ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தச் சொல்லி எடுத்தார்கள். அட்டை வந்தபோது அதில் இருந்தது வெள்ளைச் சுவரும் ஒரு கறுப்புத் திட்டும்தான். கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியலை. "இது நானாடா சாமி?" என்று அம்மா கேட்டது. அது அம்மாதான் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. எனக்கு மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்க சனங்களின் படம் என்று இந்த நாட்டில் இருப்பதை மூன்று கட்டாகக் கட்டலாம். அரசாங்கம் அடையாளத்துக்கு எடுத்தது. போலீஸ் பிரேதத்துக்கு எடுத்தது. பத்திரிகைக்காரர் குடிசை எரிந்த மறுநாள் வந்து எடுத்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அதற்கு முந்தின நாள் அந்த 44 பேர் எப்படிச் சிரித்தார்கள், எப்படி நடவு நட்டார்கள் என்பதற்குப் படம் கிடைக்குமா? உயிரோடிருக்கும்போது எங்களைத் தேடிக் கேமரா வந்ததில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். மற்றதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது.

*

1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனக்கு 12 வயசு. எங்க அண்ணன் ஒரு கம்பெனியில் துணி சுமக்கிற வேலையில் இருந்தான். ஊர்வலத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். குமரன் சிலைப் பக்கம் ஒரு ஆள் கழுத்தில் கேமராவோடு ஓடி ஓடி எடுத்தார். 1932ல் கொடியைப் பிடித்தபடி அடிபட்டுச் செத்த குமரன் பேர் இந்த ஊருக்கே அடைமொழி. அவர் சிலைக்கு முன்னால் எங்க அண்ணனும் கொடி பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் டீக்கடையில் பேப்பர் வந்துச்சு. நாங்க கடைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். ஊர்வலப் படம் இருந்தது. முன்வரிசைத் தலைவர்கள் இருந்தார்கள். ஓரத்தில் ஒரு கை, கையில் கொடிக்கம்பு. அது அண்ணன் கைதான், மணிக்கட்டில் கட்டின கயிறு தெரிந்தது. முகம் படத்துக்கு வெளியே போய்விட்டது. அண்ணன் அதைப் பார்த்துச் சந்தோசமாகத்தான் சிரித்தான். எனக்கு அந்தப் படத்தின் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னும் நாலு விரற்கடை தள்ளிப் பிடித்திருந்தால் அண்ணன் உள்ளே வந்திருப்பான். எங்கே வெட்டுவது என்று ஒருத்தர் முடிவு செய்கிறார் என்பது அன்றைக்குப் புரிந்தது.

எட்டாவதோடு படிப்பு நின்றது. கைமடிக்கப் போனேன். டைலர் தைத்துத் தள்ளுகிற துணியை மடித்து அடுக்கிக் கொடுக்கிற பையனுக்குக் கைமடி என்று பேர். 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது நான் ஓவர்லாக் மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீசர் வருகிறார் என்றால் எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை சினிமா. தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், பதினாலு வயசுப் பையன்களெல்லாம் நரைத்த கிழவன்கள் மாதிரி இருப்போம். அந்தக் கோலத்தில் எங்களை ஒரு ஆள்கூட படம் பிடிக்கவில்லை.

1990ல் கம்பெனியை விட்டு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடிக்குச் சேர்ந்தேன். கூட்டுவது, டீ வாங்குவது, டார்க் ரூமில் டெவலப்பர் கலக்குவது. கறுப்பு வெள்ளைக்கு ஊட்டி 'இந்து' பிலிம். 1960ல் ஊட்டியில் ஆரம்பித்த அந்த அரசாங்க பிலிம் கம்பெனி இன்றைக்கு மூடிக் கிடக்கிறது. அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பெரிய வேலை டச்சிங். நெகட்டிவில் முகம் இருக்கிற இடத்தில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லத் தீற்ற வேண்டும். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும். பெண் பார்க்கிற போட்டோவுக்கு வருகிற கறுப்புப் பிள்ளைகளையெல்லாம் நான் பென்சிலால் வெளுத்தேன். வெளியே நொய்யல் ஓரத்தில் பிளீச்சிங் பட்டறையில் துணியை வெளுத்தார்கள், உள்ளே நான் முகத்தை. காசு கொடுக்கிறவர்கள் கேட்டது அதுதான், முதலாளி சொன்னதும் அதுதான்.

1991ல் அம்பேத்கர் நூற்றாண்டு. எங்க வளவு இளைஞர்கள் கோயமுத்தூர்க் கூட்டத்துக்குப் போய் வந்தபோது சுருட்டிக் கொண்டு வந்த படம்தான் வளவில் மாட்டிய முதல் மனுச போட்டோ. கோட்டு, கண்ணாடி, நேரான பார்வை. கிழவிகள் கிட்டே வந்து பார்த்தார்கள். "நம்மாளா இவரு? கையே கட்டலையே" என்றாள் ஒருத்தி. அந்த வாக்கியம்தான் என்னுடைய பாடப்புத்தகம். எங்க பெரியவர்களைப் படம் எடுக்க நிற்கச் சொல்லுங்கள், தானாகவே கை கட்டிக்கொள்ளும். தோளில் கிடக்கிற துண்டு கக்கத்துக்குப் போகும். முதுகு ஒரு சாண் குனியும். கேமராவுக்குப் பின்னால் நிற்பவன் ஆண்டை என்று உடம்பு பழகி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கையைக் கட்டாத ஒரு உருவத்துக்கு இவ்வளவு பயப்படுகிறார்கள் என்றால் உருவம் சும்மா காரியமில்லை.

*

1995ல் சொந்தக் கேமரா. பழைய யாஷிகா எப்எக்ஸ் 3. அம்மா ஏலச்சீட்டுத் தள்ளி எடுத்துக் கொடுத்தது. கல்யாணத்துக்கு எடுத்தால்தான் பிழைப்பு. எங்க பக்கம் கல்யாண ஆர்டர் என்பது வேலைத் திறமையை மட்டும் வைத்துக் கிடைப்பதில்லை. மணவறை வரைக்கும் போகணும், பெண் அலங்கரிக்கிற அறைக்குள் போகணும், சீர் நடக்கிற இடத்தில் நிற்கணும். யார் நிற்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தோட்டமுங்க?"

இந்தக் கேள்வியில்தான் வடிகட்டி இருக்கிறது. தோட்டத்துப் பேரைச் சொன்னால் பங்காளி முறை வரைக்கும் போகும்.

"தோட்டமெல்லாம் இல்லீங்க. வளவுங்க."

அவர் ஒன்றும் திட்டவில்லை. எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் கூட வந்த லைட்பாய் வந்து சொன்னான், "அண்ணா, உங்களை வெளிய நின்னு எடுக்கச் சொல்றாங்க. சோறும் அங்கயே குடுத்தர்றாங்களாம்." முகூர்த்தத்தை வாசலிலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். நான் பிலிமைக் கழற்றி அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டு, கேமராவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூலி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மூன்று வருசம் ஆர்டரும் வரவில்லை. எங்க சனங்க கல்யாணம், பனியன் கம்பெனி டைலர்கள் வீட்டுக் காதுகுத்து, சங்கத்து மாநாடு என்று ஓடியது. சுயேச்சைப் போட்டோகிராபர் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்வதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. எந்த வாசலிலும் உள்ளே விடாதவன் சுயேச்சையாகத்தான் இருக்கணும்.

*

இனி தொழில் நுணுக்கம் கொஞ்சம். மாணவத் தோழர்கள் பொறுத்துக்கொள்ளணும், சாதி அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பனியன் கம்பெனிக்குள்ளே படம் எடுக்கப் போனால் முதல் எதிரி வெள்ளை. செக்கிங் டேபிளில் வெள்ளைத் துணி மலையாகக் கிடக்கும். அதற்குப் பின்னால் பிசிறு வெட்டுகிற பொம்பளை உட்கார்ந்திருப்பாள். கறுத்த முகம். கேமராவுக்குள் இருக்கிற மீட்டர் உலகம் முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்புகிற கருவி. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிற சாம்பல்தான் அதற்கு அளவு. வெள்ளைக் குவியலைப் பார்த்ததும், 'ஐயோ வெளிச்சம் அதிகம், குறை' என்று அது கத்தும். அது சொல்கிற மாதிரிக் குறைத்தால் பனியனில் இழை இழையாகப் பின்னல் தெரியும். பின்னால் இருக்கிற மனுசி வெறும் கறுப்புத் திட்டாகப் போய்விடுவாள். எங்க அம்மாவின் ஓட்டு அட்டையில் நடந்தது இதுதான். ஏற்றுமதி கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு எடுக்கிற படத்திலெல்லாம் துணி அற்புதமாக இருப்பதும், தைத்தவர் நிழலாக இருப்பதும் இதனால்தான்.

நான் செய்வது இது. கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கிட்டே போவேன். முகத்துக்கு மட்டும் மீட்டர் பார்ப்பேன். கறுத்த முகத்தைச் சாம்பலாக்கப் பார்த்து மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதில் அரை ஸ்டாப் குறைத்துக்கொள்வேன். பிறகு பின்னால் வந்து அந்த அளவிலேயே எடுப்பேன். துணி வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். போகட்டும். பனியன் அமெரிக்காவுக்குப் போய் எப்படியும் காசாகிவிடும். அதற்கு ஆயிரம் போட்டோகிராபர்கள் இருக்கிறார்கள். முகம் இருக்கட்டும்.

பிளாஷ் போடமாட்டேன். பிளாஷ் அடித்தால் காற்றில் மிதக்கிற பஞ்சுத்தூசி வெள்ளைப் புள்ளிகளாக முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அதை அழிக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பஞ்சுதான் அவள் நெஞ்சுக்குள் போகிறது என்று காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் வேண்டுமென்றே அடிப்பேன். மற்றபடி டியூப் லைட் வெளிச்சம் போதும். கையை மேசையில் ஊன்றிக்கொண்டு முப்பதில் ஒரு நொடியில் எடுப்பேன். கலர் பிலிமில் டியூப் லைட் பச்சையாக விழும். கம்பெனி உள்ளே இருந்த எல்லோருக்கும் அந்தப் பச்சை தெரியும் என்பதால் அதையும் விட்டுவிடுவேன்.

இந்தக் கறுப்பு விசயம் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததென்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பின மாதிரி அட்டையில் பல வருசம் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம்தான் இருந்தது. அதற்கு 'ஷெர்லி' அட்டை என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் கலர் சரி. கறுப்புத் தோல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஆளில்லை. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதை விசாரித்து எழுதியிருக்கிறார். கறுப்பின மக்கள் கேட்டதற்காகப் பிலிம் மாறவில்லையாம். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறம் ஒழுங்காக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் மாற்றினார்களாம். சாக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதை மனுசத் தோலுக்குக் கிடைக்கவில்லை.

*

எனக்கு ஆசான் யார் என்று கேட்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு தோழர் காட்டிய புத்தகத்தில்தான் லூயிஸ் ஹைனைப் பார்த்தேன். அமெரிக்காவில் 1908லிருந்து பஞ்சாலை, சுரங்கம், வயல் என்று போய் வேலை செய்கிற குழந்தைகளைப் படம் எடுத்தவர். உள்ளே விடமாட்டார்கள் என்று பைபிள் விற்கிறவர் மாதிரியும் இன்சூரன்சுக்காரர் மாதிரியும் போயிருக்கிறார். பையன் எத்தனை உயரம் என்று தன் கோட்டுப் பொத்தானை வைத்து அளந்து, பைக்குள்ளேயே கையை விட்டுக் குறிப்பெழுதிக்கொள்வாராம். அந்தப் படங்களைப் பார்த்தபோது ஓவர்லாக் மெசின் பக்கத்தில் நான் நிற்கிற மாதிரி இருந்தது. அங்கே நாடு முழுமைக்கும் உறுதியான சட்டம் வர 1938 ஆனது. படம் எடுத்த உடனே உலகம் மாறும் என்று நினைக்கிற தம்பிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்வேன். இன்னொன்றும் உண்டு. தென்மாநிலப் பஞ்சாலைகளில் அவர் எடுத்த குழந்தைகளெல்லாம் அநேகமாக வெள்ளைக் குழந்தைகள். கறுப்பினத்தவரைத் தறிப் பக்கமே வேலைக்கு விடவில்லை. கொடுமைப்படுவதற்கும்கூட உள்ளே இடம் கிடைக்காதவர்கள் படத்துக்கும் வெளியேதான் நிற்கிறார்கள்.

அந்த வெளியிலிருந்து வந்தவர் கார்டன் பார்க்ஸ். ரயிலில் சாப்பாடு பரிமாறுகிற வேலை பார்த்த கறுப்பு இளைஞர். பயணி ஒருவர் விட்டுப்போன பத்திரிகையில் பஞ்சம் பிழைக்கப் போகிறவர்களின் படங்களைப் பார்த்து, அடகுக்கடையில் பழைய கேமரா வாங்கினார். 1942ல் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தைக் கூட்டிக் கழுவுகிற எல்லா வாட்சன் என்ற பெண்ணை அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். ஒரு கையில் விளக்குமாறு, பக்கத்தில் தரை துடைக்கிற துடைப்பம். எடுப்பதற்கு முன்னால் அவளிடம் அவள் கதையை உட்கார்ந்து கேட்டார். அவளுடைய வீடு, பேரப்பிள்ளைகள், கோயில் என்று தொடர்ந்து போய் எடுத்தார். கேமராவைத் தான் தேர்ந்தெடுத்த ஆயுதம் என்றே பார்க்ஸ் நினைத்தார்.

நம்ம நாட்டில் சுதாரக் ஓல்வே. பம்பாய்த் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல வருசம் தொடர்ந்து எடுத்தவர். 2016ல் பத்மஸ்ரீ வாங்கினார். தமிழில் எம்.பழனிகுமார். மதுரையில் மீன் விற்கிற தாயின் மகன். 2017ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பாரி இணைய இதழில் போட்டோகிராபராக வேலை செய்தவர். 2022ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றவர். தன் அம்மாவைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் இன்னொருவர். அவர் பாட்டி பொன்னுத்தாய், தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கின மனுசி. எங்கெங்கோ சுற்றிய பேரன் 2020 ஊரடங்கில் வீட்டுக்குத் திரும்பி, சொந்தக் குடும்பத்தையே எடுத்தார். சோறு தின்பது, தூங்குவது, சிரிப்பது. தலித் வீட்டுக்குள்ளே சந்தோசமும் இருக்கிறது என்று சொல்ல இத்தனை நாளாச்சு. பழனிகுமாரும் ஜெய்சிங்கும் என்னைவிட இளையவர்கள். ஆனாலும் ஆசான்கள் என்றே சொல்வேன்.

*

என்னுடைய ஆற்றையும் சொல்லணும். நொய்யலை முப்பது வருசமாக ஒரே பாலத்தில் நின்று எடுக்கிறேன். சில நாள் நீலம், சில நாள் சிவப்பு. எந்தக் கலர் ஆர்டர் ஓடுகிறது என்று ஆறே சொல்லும். 1992ல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை திறந்தார்கள், அது சாயத்தண்ணித் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றைப் படம் எடுக்க எல்லா ஊரிலிருந்தும் வந்தார்கள். செத்த தென்னைமரம் எடுத்தார்கள், கிணற்றில் நுரை எடுத்தார்கள், நிலம் போன விவசாயியை எடுத்தார்கள். அதெல்லாம் நியாயம். நிலமே இல்லாதவன், பட்டறையில் வெறுங்காலோடு சாயத்தொட்டியில் நின்றவன், மூடின மறுநாள் எங்கே போனான் என்று எடுக்க ஆள் வரவில்லை. எங்க வளவில் அப்படி ஒன்பது பேர். அவர்களுடைய காலை மட்டும் ஒரு ரோல் எடுத்து வைத்திருக்கிறேன். நகக்கண்ணில் ஏறின நீலம் மாசக்கணக்கில் இறங்கவில்லை.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். தலித் இளைஞன், இஞ்சினியரிங் மாணவன், 22 வயசு. சாதி கடந்து கல்யாணம் செய்ததற்காக. கூட இருந்த கௌசல்யாவையும் வெட்டினார்கள், அவர் பிழைத்தார். அந்தக் காட்சி நாடு முழுக்கப் போனது. எடுத்தது யார்? கடைச் சுவரில் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமரா. திருட்டுக்குப் பயந்து வைத்தது. 2017ல் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 2020ல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்து, 5 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்தக் கேமரா இல்லாவிட்டால் வழக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதே நேரம் இன்னொன்றும் உறுத்துகிறது. மனுசன் பிடிக்காத கேமரா பிடித்த படத்தில், சங்கர் சாகிற ஒருவனாக மட்டும்தான் இருக்கிறான். டிவிக்காரர்கள் அதையே நாள் முழுக்க ஓட்டினார்கள். எனக்கு அவன் காலேஜ் போகிற படம் வேண்டும்.

2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் மதில் இடிந்து விழுந்து எங்க சனம் 17 பேர் செத்தார்கள். இருபதடி உயரத்துக் கருங்கல் சுவர். நான் போனேன். இடிபாட்டை எடுக்க ஏற்கனவே முப்பது கேமரா நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. சொந்தக்காரர்கள் வீடுகளில் உட்கார்ந்து, செத்தவர்களின் பழைய படம் இருக்கிறதா என்று கேட்டேன். செல்போனில் ஓரமாக நின்றது, ஆதார் அட்டையில் இருந்தது, திருவிழாவில் பத்துப் பேரோடு எடுத்தது, இப்படிக் கிடைத்ததையெல்லாம் வாங்கி, முகத்தைப் பெரிசாக்கி, பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளுக்கவில்லை. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

*

என் வேலைமுறை என்று பெரிசாக ஒன்றுமில்லை. முதல் நாள் எடுக்கமாட்டேன், பேசிக்கொண்டிருப்பேன். டீ கொடுத்தால் அவர்கள் குடிக்கிற டம்ளரில் குடிப்பேன். பேர் கேட்டு எழுதிக்கொள்வேன், வயசும் வேலையும் எழுதிக்கொள்வேன். பேர் இல்லாத படம் எங்க ஊர் ஆசாரத்துச் சுவரில் மாட்டைப் பிடித்து நிற்கிறவன் கதையாகிவிடும். பெரியவர்களை எடுக்கும்போது கேமராவை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கக்கத்துக்குப் போன துண்டு மறுபடி தோளுக்கு வரணும். சில பேருக்குப் பத்து நிமிசம் ஆகும், சில பேருக்கு நாலு நாள். அதுக்குப் பிறகுதான் பட்டனை அழுத்துவேன். தரையில் உட்கார்ந்திருந்தால் நானும் தரையில். பிரிண்ட் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அழுகிற படம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மில்லில் மூன்று வருச ஒப்பந்தத்தில், சுமங்கலித் திட்டம் என்ற பேரில், ஹாஸ்டலில் பூட்டிவைத்து வேலை வாங்கிய பெண்பிள்ளைகளைப் பற்றி எழுத வெளியூரிலிருந்து ஒருத்தர் வந்தார். கல்யாணத்துக்குக் காசு மொத்தமாகத் தருவோம் என்று சொல்லிக் கூட்டிப்போன பிள்ளைகள், எங்க தெருப் பிள்ளைகளும் அதில் நிறைய. "கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு குடுங்க, மூஞ்சி தெளிவா இருக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது வேறு. "அண்ணா, மூஞ்சி வேண்டாங்கண்ணா. பாத்தா கடைசிப் பணம் தரமாட்டாங்க." கையை மட்டும் எடுக்கலாம், முதுகை எடுக்கலாம், முகத்தில் கறுப்புப் பட்டை போடலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் முகமில்லாமல் எடுப்பதும் எங்களுக்குப் புதுசில்லையே. முகத்தைக் காட்டினால் கூலி போகும், மறைத்தால் ஆள் போகும். இதுதான் என் தொழிலில் தீராத சிக்கல்.

நான் கண்டுபிடித்த வழி மெதுவானது. முகத்தோடு, தலை நிமிர்ந்து, நல்ல வெளிச்சத்தில் எடுப்பேன். ஒரு பிரிண்ட் அவளுக்கு. நெகட்டிவை ஒரு கவரில் போட்டு, பேரும் தேதியும் எழுதி, ஒரு தகரப்பெட்டியில் வைத்துவிடுவேன். பத்திரிகை கேட்டாலும் தரமாட்டேன், காசு கொடுத்தாலும் தரமாட்டேன். அவளாக வந்து போடச் சொன்னால் போடுவேன். வந்த ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாசம் வீட்டு வாடகை கட்ட லென்சை அடகு வைத்தேன்.

அப்படி எடுத்த ஒருத்தி, பதினாலு வருசம் கழித்துப் போன வருசம் தேடிக்கொண்டு வந்தாள். இப்போது பனியன் கம்பெனியில் டைலர். சங்கத்தில் இருக்கிறாள். எட்டாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அந்தப் படத்த இப்பப் போடுங்கண்ணா. பேரோட போடுங்க. நான் மில்லுல இருந்தது இவளுக்குத் தெரியணும்." பெட்டியைத் திறந்து கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளே பிரித்தாள். மகள் நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. நெகட்டிவில் கறுப்பு முகம் வெள்ளையாகத்தான் தெரியும். "அம்மா நீ இதுல ஒரே வெள்ளையா இருக்க" என்றது. "பிரிண்ட்டு போட்டா சரியாயிரும்" என்றாள் அவள்.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்க தெருவில் குடியிருக்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் நின்று தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காலம்தான். அந்தப் போனிலும் முகத்தை வெளுக்கிற பட்டன் ஒன்று கூடவே வருகிறது, என் பழைய பென்சில் வேலையை அது செய்கிறது. எங்க பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தப் பட்டனை அணைத்துவிடுங்கள். முதலில் உங்க அம்மாவை எடுங்கள், அப்பத்தாவை எடுங்கள், சாவதற்கு முன்னால் எடுங்கள். ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, முகத்துக்கு வெளிச்சம் பார்த்து எடுங்கள். பிரிண்ட் போட்டு, பின்னால் பேரும் தேதியும் என்ன வேலை செய்தார் என்பதும் எழுதி, சுவரில் மாட்டுங்கள்.

தகரப்பெட்டியில் இன்னும் 61 கவர் இருக்கிறது. சொந்தக்காரர்கள் வருகிறவரை அது மூடியே இருக்கும்.